ஏழரைச் சாண்

பொதட்டூர்பேட்டை தாண்டி,
ஆந்திர எல்லைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால்
என் இரண்டாம் வகுப்பு.
பதினேழு பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு, பலகையில் தமிழ்,
சண்டையில் இரண்டும்.

இன்று நீளம்.
முதலில் உடம்பால் அளக்கட்டும்,
அப்புறம் அளவுகோல் கொடுங்கள் என்கிறது கையேடு.
கையேட்டுப் படத்தில் எல்லாக் கைகளும் ஒரே அளவு.

மேசையைச் சாணால் அளந்தார்கள்.
ஜானெடு, ஜானெடு என்று முணுமுணுத்துக்கொண்டு கௌனிகா
ஒன்பது என்றாள். செங்கல்வராயனுக்கு எட்டு.
எனக்கு ஆறு.
"ஆளுக்கு ஆள் மேசை நீளுமா டீச்சர்?"
நீளாது என்றேன்.
நம்பாமல் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான்.

மோக்ஷிதா ஜியாமெட்ரி டப்பாவின் அகலத்தில்
விரல்களை அடுக்கினாள்.
"மூடு" என்றாள்.
அவள் சொன்னது மூன்று.
செங்கல்வராயன் டப்பாவை மூடினான்.
திறந்தாள், மறுபடி விரல்களை வைத்தாள்,
இன்னும் உரக்க, "மூடு!"
மறுபடி மூடினான், விரலோடு சேர்த்து.
அழுகை இடைவேளை மணி வரை நீண்டது.

மணிக்குப் பிறகு எண்சாண் உடம்பு.
ஒவ்வொருவராகத் தரையில் படுக்கவைத்து
தலைமாட்டில் ஒரு கோடு, காலடியில் ஒரு கோடு.
எழுந்து, அவரவர் நீளத்தை அவரவர் கையால்.
எட்டு. எட்டு. எட்டுக்குக் கொஞ்சம் கம்மி. எட்டு.
முன்வரிசைக் குட்டி மோக்ஷிதாவும் எட்டு,
கதவில் தலை இடிக்கப்போகிற நாகபூஷணமும் எட்டு.
எனக்கே சிலிர்த்தது.
எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் அந்தப் பழமொழியை,
ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

செங்கல்வராயனுக்கு மட்டும் ஏழரை.
கிருத்திகை தவறாமல் திருத்தணி ஏறுகிற வீட்டுப் பிள்ளை.
"ஏழரையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டான்.
மூன்று தடவை அளந்தான்.
நாலாம் தடவை விரல்களைக் கொஞ்சம் மடக்கி
எட்டாக்கினான்.
நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பிறகு மீட்டர்.
"ஒரு மீட்டர்னா எவ்வளவு?"
கைகளை விரித்துக் காட்டுவார்கள் என்று நின்றேன்.
"ஏழு ரூபா" என்றாள் கௌனிகா.
அவள் அப்பா விசைத்தறியில் லுங்கித் துணி ஓட்டுகிறார்.
"கரண்ட் போனா?" ஏன் கேட்டேனோ.
"கரண்ட் போனா மீட்டர் வராது."
மரக்கோலைச் சுவரில் சாய்த்துவைத்தேன்.
அதில் நூறு கோடுகள்.

கடைசியில் ஆளுக்கொரு அளவுகோல், ஆளுக்கொரு புது சாக்பீஸ்.
ஒன்றில் வைத்து அளந்தார்கள், ஒன்பது என்றார்கள்.
பூஜ்ஜியத்தில் வைக்கணும் என்றேன்.
"பூஜ்ஜியத்துல ஒண்ணுமே இல்லையே டீச்சர்,
அங்க எப்படி வைக்கிறது?"
இருபது நிமிடம் பதில் சொன்னேன்.
பஸ் புறப்படுகிற ஸ்டாண்டுதான் பூஜ்ஜியம்,
அங்கே இன்னும் டிக்கெட் கிடையாது என்றுகூட.
"ஸ்டாண்டுலயே கண்டக்டர் கிழிச்சிடுவாரு டீச்சர்"
என்றான் நாகபூஷணம், தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

தேஜா மட்டும் எட்டு என்றான்.
கழித்தல் கணக்கென்றால் தண்ணீர் குடிக்கப் போகிற தேஜா.
அவன் அளவுகோல் உடைந்தது, மூன்றில் ஆரம்பிக்கிறது.
சாக்பீஸ் முடிகிற இடத்தில் பதினொன்று.
"பதினொண்ணுன்னுதானே காட்டுது?"
"ஆமா டீச்சர். ஆனா மூணு தம்பிகிட்ட இருக்கு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி.
வேலியோரம் தம்பி,
கையில் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை.
ஆட்டுக்குட்டியின் வாலை அளக்கிறான்.
வால் நிற்கிறதாக இல்லை.
அவனும் விடுகிறதாக இல்லை.